சிங்கப்பூரின் ஓடைகளும் ஈரநிலங்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருசேரப் போற்றுவது நம் சமய மரபு. ஆலயம் எழுப்ப நிலம் தேடுவோர், அங்கே நன்னீர் உண்டா என்பதையே முதலில் பார்ப்பர். அபிடேகத்திற்கும் நைவேத்தியத்திற்கும் மட்டுமன்று, அடியார்கள் கால் அலம்பிக்கொண்டு உள்ளே செல்வதற்கும் நீர் வேண்டும். கடல் கடந்து வந்து குடியேறிய இடத்திலும் நம் முன்னோர் இவ்வழக்கத்தைக் கைவிடவில்லை என்பதற்குச் சிங்கப்பூரின் முதல் இந்து ஆலயத்தின் வரலாறே சான்றாகும்.

1819-ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக இத்தீவுக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற்சூளை அமைத்து, தீவின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று பெயர் பெற்றவர் அவர். தம் மக்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று அவர் முயன்றபோது, தெலுக் ஆயர் தெருவில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. தெலுக் ஆயர் என்னும் மலாய்ச் சொற்றொடருக்கு நீர் விரிகுடா என்பது பொருள். பெயரில் நீர் இருந்ததே தவிர, வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் அங்கே எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே அவ்விடம் வேண்டாம் என முடிவாயிற்று. 1821-இல் வேறோர் இடம் கிடைத்தது. அது பிற்காலத்தில் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் எனப் பெயர் பெற்ற நன்னீர் ஓடையின் அருகே அமைந்தது. ஆனால் 1822-இல் வரையப்பட்ட ஜாக்சன் நகரத் திட்டம் அப்பகுதியை வேறு பயன்களுக்கு ஒதுக்கிவிட்டது. முடிவில் 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் வழங்கப்பட்டு, 1827-இல் மரமும் அத்தாப்பும் கொண்டு எழுப்பப்பட்டதே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தின் தொடக்கம்.

இவ்வரலாற்றைப் பலரும் கோயில் வரலாறாகவே படித்திருப்பர். நீரின் வரலாறாகவும் அதைப் படிக்கலாம். நீர் இல்லாமையால் ஓரிடம் கைவிட்டுப்போயிற்று. நீர் இருந்த இடமோ நகரத் திட்டத்தால் கைவிட்டுப்போயிற்று. அடுத்த இரு நூற்றாண்டுகளில் இத்தீவின் ஓடைகளும் சதுப்பு நிலங்களும் எதிர்கொண்ட நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஓடையோரத்துத் தமிழர்

நாராயண பிள்ளைக்குக் கிட்டாமற்போன அந்த ஓடையின் பெயர் சுங்கை பிராஸ் பாசா. நனைந்த அரிசி என்பது அப்பெயரின் பொருள். படகில் வந்து நனைந்துபோன அரிசியை அதன் கரையில் உலர்த்தியதால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். அதே ஓடையில்தான் சென்னை, வங்காள மாநிலங்களிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் துணி வெளுத்தனர். அருகிலிருந்த திறந்த வெளியில் உலர்த்தினர். தோபி காட் என்று இன்று எம்ஆர்டி நிலையம் தாங்கி நிற்கும் பெயர் அவர்கள் விட்டுச்சென்றது. நாள்தோறும் அங்கே இறங்கி ஏறும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் அது ஓர் ஓடையின் படித்துறை என்பதை நினைப்பர்?

தேக்காவின் கதையும் அத்தகையதே. ரோச்சோர் கால்வாயின் கரையில் வளர்ந்திருந்த மூங்கிற்புதர்களை வைத்துச் சீனர் ஹொக்கியென் மொழியில் 'மூங்கிலடி' என்று அழைத்ததே தேக்கா என மருவியது. நீரும் புல்லும் மிகுந்த அந்த ஈரநிலத்தை நம்பியே அங்கே எருமைகளும் மாடுகளும் வளர்க்கப்பட்டன. தமிழர் பலர் அத்தொழிலை நாடி வந்து குடியேறினர். சதுப்பு தூர்ந்து வீடுகளும் கடைகளும் எழுந்தபின் மாடுகள் மறைந்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, பெலிலியோஸ் சாலை ஆகிய பெயர்கள் மட்டும் எஞ்சின. சிராங்கூன் என்னும் பெயரே 'ரங்கோங்' என்ற சதுப்புநிலப் பறவையின் பெயரிலிருந்து வந்தது என்று கூறுவோர் உண்டு. அவ்வாறாயின், தீபாவளிக் காலத்தில் விளக்கலங்காரத்தில் ஒளிரும் அச்சாலை முழுதும் ஒரு நீர்ப்பறவையின் பெயரால் வழங்குகிறது எனலாம்.

டேங்க் சாலையில் தெண்டாயுதபாணி ஆலயம் 1859-இல் எழுமுன்னர், நகரத்தார் அங்கிருந்த குளக்கரையில் அரசமரத்தடியில் வேல் நிறுத்தி வழிபட்டனர் என்றும், அருகிலிருந்த குன்றின் ஊற்றுநீரே அக்குளத்தை நிரப்பியது என்றும் அவ்வாலய வரலாறு கூறும். வேல் இருக்கிறது. குளம் இல்லை.

கால்வாய் ஆன ஓடைகள்

ஓடைகளைக் கால்வாய்களாக மாற்றியோரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. தேங்கிய நீரில் கொசு பெருகி மலேரியாவால் மக்கள் மாண்ட காலம் அது. 1954, 1969, 1978 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த பெருவெள்ளங்கள் வீடுகளை மூழ்கடித்தன. பெய்த மழையை விரைந்து கடலுக்கு அனுப்புவதே வழி என்று பொறியாளர் கருதினர். வளைந்து சென்ற ஓடைகள் நேராக்கப்பட்டன. மண் கரைகள் சிமெண்டுச் சுவர்களாயின. நகரின் நடுவே ஓடியவை மேல்மூடி போட்டு மறைக்கப்பட்டன. ஆர்ச்சர்ட் சாலையில் நடைபாதைகளும் கடைத்தொகுதிகளும் பெருகியபோது ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் பெரும்பகுதி அவற்றின் கீழே சென்றுவிட்டது.

மண் தரை மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடும். சிமெண்டும் தாரும் அவ்வாறு செய்யா. விழுந்த துளியெல்லாம் ஒரே நேரத்தில் கால்வாயை வந்தடையும். கட்டடங்கள் பெருகப் பெருக, முன்னர்ப் போதுமாயிருந்த கால்வாய் போதாமற்போகும். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் சாலையின் கடைத்தொகுதிகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது பலர் திகைத்தனர். மறக்கப்பட்ட ஓடை தன் இடத்தைக் கேட்டது போலிருந்தது அது. அதன் பின்னர்ச் சுமார் 38,000 கன மீட்டர் நீரைத் தாங்கும் நிலத்தடித் தொட்டியும், 2 கிலோமீட்டர் நீளத்திற்கு மாற்றுக் கால்வாயும் அமைக்கப்பட்டு 2018-இல் பணி நிறைவுற்றது.

குடிநீர் காத்த காடு, குடிநீருக்காக இழந்த காடு

இத்தீவின் நடுவே இன்றும் அடர்ந்த காடும் தெளிந்த ஓடைகளும் இருப்பதற்குக் காரணம் இயற்கைப் பற்று மட்டுமன்று, குடிநீர்த் தேவை. இன்று மெக்ரிட்சி எனப்படும் நீர்த்தேக்கம் 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த காட்டை அழித்தால் மண் அரித்து நீர்த்தேக்கம் தூர்ந்துவிடும் என்பதை அதிகாரிகள் உணர்ந்தனர். அதனால் அக்காடு கோடரிக்கும் தோட்டக்காரர்க்கும் தப்பியது. 1986-இல் அறிவியலாளர் புதிய இனமாக விவரித்த சிங்கப்பூர் நன்னீர் நண்டு, புக்கிட் தீமாவைச் சுற்றிய சிற்றோடைகளில் உயிர்வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினம் அது. சில அடி அகலமே கொண்ட ஓடையின் நீர் சற்றுப் புளிப்பேறினாலும் அதற்கு ஆபத்து. நீ சூன் நன்னீர்ச் சதுப்புக்காடும் இப்பகுதியிலேயே உள்ளது. தீவில் அவ்வகையில் எஞ்சிய பெருங்காடு அஃதொன்றே.

எனினும் அதே குடிநீர்த் தேவை மற்றோர் இழப்புக்கும் காரணமாயிற்று. ராஃபிள்ஸ் வந்த காலத்தில் தீவின் நிலப்பரப்பில் சுமார் 13 விழுக்காடு கண்டல் காடாக இருந்தது என்று ஆய்வாளர் கணிப்பர். இன்று எஞ்சியிருப்பது ஒரு விழுக்காட்டளவே. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் ஒரு பகுதி போயிற்று. கிராஞ்சி முதலிய ஆறுகளின் முகத்துவாரங்களை 1970-களிலும் 1980-களிலும் அணையிட்டு நன்னீர்த் தேக்கங்களாக்கியதால் மற்றொரு பகுதி போயிற்று. உப்புநீர் ஏறி இறங்கும் இடத்திலேயே கண்டல் மரம் வாழும். ஏற்றவற்றம் நின்றால் அது மடியும். மலேசியாவிலிருந்து வரும் நீரையே நம்பியிருக்க விரும்பாத ஒரு சிறு நாட்டுக்கு அந்த அணைகள் இன்றியமையாதவை. ஆயினும் கொடுத்த விலை சிறிதன்று.

1977-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1987-இல் அப்பணி முடிந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. செலவு சுமார் 17 கோடி வெள்ளி. நாற்றமடித்த ஆறுகள் தூய்மையாயின. அழுக்கை நீக்குவது வேறு, இயற்கையாக இருக்கும் நீர்நிலையைக் கட்டடங்களிலிருந்து காப்பது வேறு. இரண்டாவது வேலை அதற்கு முந்திய ஆண்டிலேயே வடமேற்குக் கரையில் ஓசையின்றித் தொடங்கியிருந்தது.

மூங்கில் ஆற்றின் கதை

சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. தேக்காவும் மூங்கில், இதுவும் மூங்கில். முன்னது நகரமாயிற்று, பின்னது காப்பகமாயிற்று. ஜோகூர் நீரிணையை ஒட்டிய அப்பகுதியில் கிராம மக்கள் இறால் குளங்கள் வைத்திருந்தனர். கடலேறும்போது மதகைத் திறந்தால் நீரோடு இறால் குஞ்சுகளும் உள்ளே வரும். பின்பு மதகை மூடி, அவை வளர்ந்தபின் கடல் வற்றும் வேளையில் வலை கட்டி நீரை வெளியே விடுவர். நீர் வடிந்த குளத்தில் சேறு வெளிப்படும். அச்சேற்றில் புழுவும் நத்தையும் தேடிப் பறவைகள் திரளும். அப்பகுதி அரசாங்கத்தின் வேளாண் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. குளங்களை மூடி, நிலத்தை மேடாக்கி, சாலையும் பண்ணைக் கட்டடங்களும் அமைப்பது மட்டுமே பாக்கி.

1986-இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே சென்றனர். கண்டதை எண்ணினர், எண்ணியதை எழுதி வைத்தனர். சைபீரியாவின் குளிருக்கு அஞ்சி ஆஸ்திரேலியா வரை பறக்கும் உள்ளான் வகைகள் நடுவழியில் இளைப்பாறும் இடம் இது என்பது அப்பதிவுகளால் புலப்பட்டது. 1987-இல் அவர்கள் அரசாங்கத்திடம் அளித்தது கோபக் கடிதமன்று. ஆதாரங்களுடன் கூடிய ஒரு திட்டம். இங்கே என்ன உள்ளது, அதை எவ்வாறு காக்கலாம், மக்கள் எவ்வாறு வந்து காணலாம் என்பவை அதில் இருந்தன. 1989-இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவென ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ஆம் நாள் பிரதமர் கோ சோக் தோங் அதனைத் திறந்து வைத்தார். 2002-இல் 130 ஹெக்டர் பரப்புடன் சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கை வனமாகவும், 2003-இல் ஆசியான் மரபுடைமைப் பூங்காவாகவும் அது உயர்ந்தது.

இறால் குளங்களின் மதகுகள் அங்கே கைவிடப்படவில்லை. பறவைகளுக்குச் சேறு வேண்டிய வேளையில் சேறும், நீர் வேண்டிய வேளையில் நீரும் இருக்கும்படி மதகுகளைக் கொண்டே நீர்மட்டம் பேணப்படுகிறது. கிராமத்தாரின் கைத்தொழில் நுட்பம் காப்பகத்தின் உயிர்நாடியாயிற்று என்பது எண்ணி மகிழத்தக்கது.

எல்லா இடங்களுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. செனோக்கோ ஈரநிலத்திலும் பறவைகள் திரண்டன. அதனைக் காக்கக் கோரி 1990-களில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டனர். எனினும் வீடமைப்புத் தேவையே வென்றது. அங்கே இன்று குடியிருப்போர் நிறைவாக வாழ்கின்றனர். அவர்களைக் குறை சொல்ல எவராலும் இயலாது. சிறு தீவில் இத்தகைய கணக்கு எப்போதும் கசப்பானதே.

தள்ளி வைக்கப்பட்ட முடிவு

புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவில் சுமார் 100 ஹெக்டர் பரப்புள்ள கடற்கரை, கடல் வற்றும்போது வெளிப்படும். மணல் திட்டு, கடற்புல் வெளி, பாறைக்கரை, கண்டல் காடு முதலிய பலவகை நிலங்கள் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் அதைத் தூர்க்கும் பணி தொடங்கவிருந்தது. அவ்வாண்டுதான் அதன் அருமை பலருக்கும் தெரியவந்தது. கடல் வற்றும் நேரங்களில் தொண்டர்கள் அறிவியலாளரின் வழிகாட்டுதலில் சேற்றில் இறங்கி, அங்கு வாழும் உயிர்களைப் பதிவு செய்தனர். பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் படகேறிச் சென்று பார்த்தனர். கடிதங்கள் குவிந்தன. டிசம்பர் மாதத்திலேயே பணி நிறுத்தி வைக்கப்படும் என்ற செய்தி வந்தது. 2002 ஜனவரியில் அது அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது. 2007 ஜூலையில் அங்கே மரநடைபாதை திறக்கப்பட்டது.

இம்முடிவின் சொற்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். தூர்க்கும் திட்டம் கைவிடப்பட்டதாக அரசாங்கம் கூறவில்லை. மேம்பாட்டிற்கு உபின் தேவைப்படாத வரையில் தள்ளி வைக்கப்படும் என்றே கூறியது. சுங்கை பூலோவுக்குச் சட்டம் காவல். செக் ஜாவாவுக்கு அச்சொல்லே காவல்.

இழந்ததை மீட்பதற்கு ஆகும் செலவையும் இத்தீவு கண்டுவிட்டது. பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக நேர்க்கோட்டில் ஓடிய 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயைப் பெயர்த்தெடுத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்திற்கு வளைந்தோடும் ஆறாக்கினர். 2012-இல் அப்பணி நிறைவுற்றது. சில ஆண்டுகளில் நீர்நாய்கள் குட்டிகளுடன் அங்கே நீந்தின. மழை பெருகினால் பூங்காவின் புல்வெளியே வெள்ளத்தை ஏற்றுக்கொள்கிறது. மகிழ்ச்சிக்குரிய பணிதான். ஆனால் அங்கே பூங்கா நிலம் இருந்தது; ஆறு வளைய இடமிருந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் அவ்வாறு செய்ய எதனைப் பெயர்ப்பது?

அடுத்த சோதனை நிலத்தின் அடியில் வந்தது. 2013-இல் அறிவிக்கப்பட்ட குறுக்குத்தீவு ரயில் பாதை, மத்திய நீர்ப்பிடிப்பு வனத்தின் கீழே செல்லக்கூடும் என்றதும் இயற்கை அமைப்புகள் கவலை தெரிவித்தன. சுரங்கத்திற்கு முன் செய்யும் மண் ஆய்வுத் துளைகளின் சேறே ஓர் ஓடையைக் கெடுத்துவிடும் என்பது அவர்களது முதல் அச்சம். ஆண்டுக்கணக்கில் ஆய்வும் கலந்துரையாடலும் நடந்தன. ஆய்வுப் பணிகள் ஓடைகளுக்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்டன. 2019 டிசம்பரில், வனத்தின் கீழே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் பாதை செல்லும் என்று முடிவாயிற்று. வனத்தைச் சுற்றிச் செல்ல வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது முழு நிறைவைத் தரவில்லை. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை மேலும் வலுப்படுத்தப்பட்டது. ஆயினும் மறு ஆண்டே கிராஞ்சியில், ஆய்வு முடியுமுன்னர் காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டுவிட்ட செய்தி வெளியானது. வெட்டியபின் அங்கே என்ன இருந்தது என்று எண்ணிப் பார்க்க முடியாது.

சுங்கை பூலோவுக்குக் கிழக்கே மண்டாய் சேற்றுநிலம் உள்ளது. கடல் வற்றும்போது உள்ளான்கள் மண்டாய்ச் சேற்றில் இரை தேடுகின்றன. கடலேறி அச்சேறு மறைந்ததும் எழுந்து பறந்து சுங்கை பூலோவின் குளங்களில் அமர்ந்து இளைப்பாறுகின்றன. ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டால் இரண்டும் பயனின்றிப் போகும் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். 2018-இல் மண்டாயின் 72.8 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாகும் என அறிவிக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் இரண்டையும் இணைத்து 400 ஹெக்டர் பரப்பில் சுங்கை பூலோ இயற்கைப் பூங்காக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. ஆவணித் திங்கள் முடிந்து ஆலயங்கள் நவராத்திரிக்கு ஆயத்தமாகும் வேளையில் வடக்கிலிருந்து அப்பறவைகள் வந்து இறங்கும். பங்குனி உத்திரத்தையொட்டி அவை மீண்டும் வடதிசை நோக்கிப் புறப்படும்.